கை நனைக்காத விருந்தாளி

வாருங்கள் ஐயா, வாருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஊனம், இதில் உட்காருங்கள். வெயில் முகத்தில் அடித்தால் சொல்லுங்கள், கொட்டகைக்குள் நகர்த்திக்கொள்வோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சைக்கிள் கடைக்காரனிடம் "எழிலரசி வீடு எது?" என்று விசாரித்தீர்களாமே. நீங்கள் நடந்து வருவதற்குள் அவன் போனில் சொல்லிவிட்டான். "தலைவரே, ஆளு வராரு. சலவைச் சட்டை, தோள்ல பெரிய பை. பாத்துப் பதனமா பேசுங்க" என்றான்.

நீங்கள் யார், எந்த ஊர், யார் அனுப்பி வந்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்பது முறையன்று. பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவரைப் பார்த்து, பெண்ணைப் பெற்றவன் 'நீ யார்' என்று கேட்கலாகாது, அவரும் சொல்லலாகாது. வழிப்போக்கர்போல வருவார், ஊரைச் சுற்றிப் பார்ப்பார், மழை பெய்ததா என்பார், எழுந்து போவார். போய், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வார். ஆற்றுக்கு அக்கரையில் இதற்கு மாமன் முறையில் ஒருவரை அனுப்புவார்கள். இக்கரையில் சித்தப்பா முறை. எந்த முறையானாலும் கேட்காமலிருப்பது மட்டும் பொது. தரகர் மாரப்பன் முன்பே சொல்லிவிட்டார்: "ஆடி கழியறதுக்குள்ள ஒருத்தரு வருவாரு தலைவரே. வந்தவரை நோண்டிக் கேக்காதீங்க." ஆகவே நான் கேட்கவில்லை. இல்லை இல்லை, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். எனக்குப் புரிகிறது. கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அம்மா எழில்! வந்தவருக்குக் காபி போடு. கேன் தண்ணீரில் போடு!

அதுவரை தண்ணீர் குடிக்கிறீர்களா? செம்பு பக்கத்திலேயே இருக்கிறது. வேண்டாமா? நல்லது, முறை தெரிந்தவர் நீங்கள். சம்பந்தம் பேசி முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கலாகாது. கை நனைத்துவிட்டால் பாதிச் சம்மதம். சில ஊர்களில் தண்ணீர் குடிக்கலாம், சோறுதான் கூடாது என்பார்கள். வேறு சில ஊர்களில் வெற்றிலையைக்கூடத் தொடமாட்டார்கள். எங்கள் கோணலேரியில் தண்ணீரிலிருந்தே கை நனைத்தல் தொடங்கிவிடும். நீங்கள் செம்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு அதுதான் காரணம். வேறு காரணம் இருக்காது என்று நம்புகிறேன்.

நான் இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவன். மேடையில் பேசிப் பேசி நாக்கு இப்படி இலக்கணமாகப் புரளப் பழகிவிட்டது. "அப்பா, வூட்லகூட மைக்கைப் புடிச்சுக்கிட்டே பேசறீங்க" என்று என் மகள் கேலி செய்வாள். பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறாள். பட்டம் பெற்றவள். ஒரே பெண். வாய் கொஞ்சம் நீளம், மறைக்க மாட்டேன். ஆனால் மனம் கபடற்றது. இருபத்தொன்பது வயது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இருபத்தெட்டுதான், கார்த்திகை வந்தால்தான் இருபத்தொன்பது.

பின்னால் தெரிகிறதே, பார்க்கிறீர்களே, அது மலையன்று. சுரங்கத்தார் வெள்ளைக்கல்லை எடுத்துக்கொண்டு, வேண்டாத கல்லையும் பொடியையும் கொட்டிய குவியல். வெள்ளைக்கரடு என்போம். நான் பள்ளிக்கூடம் போன நாளில் அது இல்லை. என் கல்யாணத்தின்போது தென்னைமர உயரம் இருந்தது. இப்போது காலையில் சூரியன் எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறான். மழை பெய்தால் அதிலிருந்து பால்போல ஒன்று ஓடை வழியாக ஏரியில் இறங்கும். வெறும் மண் ஐயா. வெள்ளை மண். ஏரி முழுவதும் வேட்டி விரித்ததுபோல இருக்கும். அழகு என்றுகூடச் சொல்லலாம். மீன் இல்லை என்பார்கள். மீன் இல்லாததால் கொக்குத் தொல்லையும் இல்லை.

சுரங்கக் கம்பெனியாரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டிருந்தால் நம்பாதீர்கள். ஊர் எல்லையில் வளைவு பார்த்திருப்பீர்களே, அவர்கள் கட்டிக்கொடுத்தது. பஸ் நிழற்குடையும் அவர்கள் உபயம். முனியப்பன் கோயில் திருவிழாவுக்கு லாரி நிறையக் குடிதண்ணீர்க் கேன் அனுப்புகிறார்கள். தண்ணீரைக் கெடுக்கிறவன் தண்ணீர் கொடுப்பானா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், நீங்கள் சொல்லக்கூடாது, மறந்துவிட்டேன்.

என் மனைவி பூவாயி இருந்திருந்தால் நான் இவ்வளவு பேசவேண்டியிராது. அவளே உங்களை நாலு வார்த்தையில் மயக்கியிருப்பாள். சிறுநீரகத்தில் கல் என்றார்கள், பிறகு கால் வீங்கிற்று, பிறகு முகம். டவுன் மருத்துவர், "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "ஊர்த் தண்ணிதான்" என்றேன். "அதான் எந்த ஊரு?" என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். அது அவள் பிறந்த வீட்டு வாகு ஐயா, பெண்ணுக்கு வராது. அவள் அக்காவுக்கும் அதே நோய்தான், அதே முடிவுதான். அக்காளும் இந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டாள் என்பது வேறு செய்தி.

என்னம்மா, காபி ஆகிறதா?

வரும். அவள் எதையும் நிதானமாகத்தான் செய்வாள்.

உங்கள் காதுக்கு ஏதோ ஒரு கதை வந்திருக்கும். எந்தக் கதை வந்தது என்று நான் கேட்கலாகாது. ஆனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம். பையன் மின்வாரியத்தில். பெண் பிடித்தது, பேச்சு முடிந்தது, கை நனைக்கச் சம்மதித்துவிட்டார்கள். நானும் பந்தல் போட்டேன், சமையலுக்கு ஆள் வைத்தேன். காலையில் உலையேற்றிய பருப்பு, பந்தி விரிக்கும் நேரத்திலும் ஏற்றியபடியே கிடக்கிறது. சமையல்காரன் வந்து என் காதில், "தலைவரே, பருப்பு வேவலை. இந்தத் தண்ணியில நாளைக்கும் வேவாது" என்றான். "சோடா உப்பைப் போடுடா" என்றேன். "போட்டாச்சுங்க. சோடாவுக்கே அலுத்துப் போச்சு" என்றான். பரிமாறிவிட்டோம். வேறென்ன செய்வது? பிள்ளையின் பெரியம்மா ஒரு வாய் வைத்தாள். பருப்பை இலை ஓரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "ஏனுங்க சம்பந்தி, இது திங்கறதுக்கா, பல்லாங்குழி ஆடறதுக்கா?" என்றாள். பந்தி முழுதும் சிரித்தது. சரி, சிரிப்போடு போயிற்று என்று நினைத்தேன். பாயசம் வந்தது. பால் திரிந்து மேலே மிதந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. கை நனைத்தவர்கள் கையை உதறிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சம்பவத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பாடம். ஓமலூரில், பருப்பைக் கடித்த பெரியவருக்குப் பல் போயிற்று என்பது பாடம். பருப்பைக் கடித்தவள் ஒரு பெண். அவளுக்குப் பல் எல்லாம் பத்திரமாக இருந்தது. செவ்வாய்ச் சந்தையில் சொல்லும் பாடத்தில் பாயசம் குடித்தவர்கள் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸ் வருகிறது. வேன் ஓட்டுநர்கள் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதில் வேன் ரேடியேட்டருக்கு எங்கள் ஊர்த் தண்ணீரை ஊற்றியதும் இன்ஜின் அடைத்துக்கொள்கிறது. இந்தக் கடைசிப் பாடம் வேறொரு நாள் நடந்தது, இதில் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். பஸ்ஸில் ஒரு கிழவர் என்னை யாரென்று தெரியாமல் என்னிடமே சொன்னார்: அந்த வீட்டுப் பெண்ணுக்கே உடம்பில் வெள்ளை விழுந்திருக்கிறதாம், அதனால்தான் வேண்டாமென்று போனார்களாம். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். நடந்தே வந்தேன். எந்தப் பாடத்தை யார் சொன்னார், எங்கே சொன்னார், எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று இன்றைக்கும் எனக்கு அத்துபடி. எல்லாப் பாடத்திலும் மாறாமலிருப்பது ஒன்றுதான். தண்ணீர்.

வெள்ளை எல்லாம் இல்லை ஐயா. கையில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. சோப்பு ஒவ்வாமை. இந்த ஊரில் சோப்பு சுலபத்தில் நுரைக்காது, கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

அடுத்து ஒரு சம்பந்தம் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தண்ணீர் பாட்டில். ஆளுக்கொன்று. நாற்காலிக்கு அடியில் செருப்பு வைப்பதுபோல வரிசையாக வைத்துக்கொண்டார்கள். நான் செம்பை நீட்டினால் பிள்ளையின் தாயார், "தப்பா நெனைக்காதீங்கண்ணா, எனக்கு டாக்டரு சொல்லியிருக்காரு" என்றாள். உள்ளேயிருந்து எழில் குரல்: "எல்லாருக்கும் ஒரே டாக்டருங்களா அத்தை?" முடிந்தது. அந்த வாய்தான் வேண்டாமென்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அதே கதிதான், "அந்தத் தண்ணிக்கா எம்பொண்ணை அனுப்புவேன்?" என்கிறார்கள். ஆகவே நாங்கள் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். ஊர்த் தண்ணீரைப் பற்றி ஊரார் எவரும் வெளியில் குறை சொல்வதில்லை. வேண்டுமானால் வீட்டுக்குள் திட்டிக்கொள்ளலாம், வாசல் தாண்டினால் தேன். கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். ஊர் வாயை ஊரே கட்டியது. நான்தான் முன்னின்று செய்வித்தேன்.

அப்படியிருக்கும்போது சில பிள்ளைகள் போய் மனுக் கொடுத்துவிட்டார்கள், ஏரி கெட்டுவிட்டது, கிணறு கெட்டுவிட்டது என்று. யார் யார் என்பது நமக்கெதற்கு? எழுத்து மட்டும் நல்ல எழுத்து. எழில் எப்போதும் முத்து முத்தாக... நான் என்ன சொல்ல வந்தேன்? ஆம். மனுவைப் பார்த்துச் சோதிக்க ஆய்வகத்து ஆட்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஊரே கொட்டகையடியில் கூடிவிட்டது. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஏரிக்கரைக் கிணறுதான் ஊர் குடிக்கிற கிணறு. அந்த வழியெல்லாம் வெள்ளைச் சேறு. ஜீப் போகாது, கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். வந்தவர்களுக்குப் பளபளவென்று பூட்ஸ். நான், "நீங்கள் நிழலில் உட்காருங்கள், நான் மொண்டு வருகிறேன்" என்றேன். மறு வார்த்தை பேசாமல் குப்பியைக் கொடுத்துவிட்டார்கள்.

குப்பியோடு நடக்கிறேன். நீங்கள் என்னிடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மாட்டுத்தொட்டியிலா மொண்டு கொடுப்போம்? இருப்பதில் நல்லதைத்தானே கொடுப்போம்? அதுதானே முறை? கிழக்கே கரட்டுக்கு அந்தப்புறம் முனியப்பன் கோயில் கிணறு இருக்கிறது. பாறைக்குள் ஊறுகிற தண்ணீர், இளநீர் தோற்கும். ஊற்று சிறிசு, நாலு குடம் எடுத்தால் அடுத்த நாள்தான் ஊறும். சாமிக்கு மட்டும்தான் அதை எடுப்போம். வீட்டுக்கு எடுத்தால் கண் போகும் என்பது ஐதீகம். சேற்றைச் சுற்றிக்கொண்டு அங்கே போய், சாமியிடம் வேண்டிக்கொண்டு, குப்பியை அமிழ்த்தினேன். அதுவும் எங்கள் ஊர்த் தண்ணீர்தானே? பொய் என்ன இருக்கிறது இதில்? இடக்கண்ணில் அதன்பிறகு எனக்குப் புரை விழுந்தது. அது வயதுக் கோளாறு.

நான் திரும்பி வந்து குப்பியை நீட்டும்போது ஊரே பார்த்தது. என் காலில் சேறில்லை என்பதையும் பார்த்தது. ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! சத்தியம் என்றால் சத்தியம். அதுதான் எங்கள் ஊர்.

முடிவு வந்தது. தண்ணீர் முதல் தரம். திருவிழா ஒலிபெருக்கியில் நானே வாசித்தேன். பட்டாசு வெடித்தார்கள். சடையப்பன் என்று ஒருவன், எனக்கு மருமகன் முறை, குடியானவன், இரண்டு கிணற்றையும் வெள்ளைச் சேற்றுக்குக் கொடுத்தவன். அவனே என்னைத் தோளில் தூக்கினான். "மாமா, இனிமே எவன் நம்ம பொண்ணை வேண்டாம்பான்?" என்றான். அவனுக்கும் இரண்டு பெண்.

ஆகவே தாங்கள் ஐயப்படத் தேவையில்லை. அரசாங்க முத்திரையோடு இருக்கிறது. வேண்டுமானால் நகல் தருகிறேன், மாப்பிள்ளை வீட்டில் காட்டுங்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் எங்களுக்குத் தொண்டையில் நிற்கிறது. வெள்ளைக்கரட்டில் கொட்ட இடம் போதவில்லை என்று கம்பெனியார் ஏரியின் மேல்பாதியைக் கேட்டுவிட்டார்கள். ஏன் என்றால், எங்கள் குவியலால் தண்ணீர் கெடவில்லை, பாருங்கள், ஊர்த் தலைவரே மொண்டு கொடுத்த தண்ணீர், முதல் தரம் என்று ஆய்வகமே சொல்கிறது. ஆகையால் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கொட்டினால் ஒரு கேடும் வராது என்கிறார்கள். மேல்பாதி போனால் ஏரி போயிற்று. ஏரி போனால் கீழே இருக்கிற வயலும் நாங்களும்... அந்தப் பிள்ளைகள் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அங்கே கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து வைத்தது என் குப்பியைத்தான்.

சடையப்பன் வந்தான். இந்த நாற்காலியில்தான், நீங்கள் இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். "மாமா, இப்ப என்ன சொல்றது? தண்ணி நல்லதா, கெட்டதா?" என்றான். நான் எழுந்துவிட்டேன். இரண்டு முறை தலைவராக இருந்தவன் நான். பதிலில்லை என்று ஒரு நாளும் எழுந்து போனவனில்லை. நல்லது என்றால் ஏரியை மூடிவிடுவார்கள். கெட்டது என்றால், அன்றைக்குப் பொய் சொன்னாயா என்பார்கள். அதோடு எந்த ஊர்க்காரன் இந்த ஊருக்குள் வந்து கை நனைப்பான்? சடையப்பன் பெண்கள் இரண்டு, என் பெண் ஒன்று, இன்னும் எத்தனை? நான் வாசலில் நடப்பேன், கிழக்கே போனால் கரடு, மேற்கே போனால் சேறு. "அப்பா, சுத்திச் சுத்தி நடக்காதீங்க, எனக்குத் தலை சுத்துது" என்பாள் எழில். செக்கைச் சுற்றுகிற மாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருப்பார்கள்.

எழில்! என்னம்மா இவ்வளவு நேரம்?

நான் வாயை மூடிக்கொண்டிருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதில் பிழையில்லை. நாளைக்கு நீங்கள் உறவு. நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பப்போகிறதாம், நேரில் பார்த்துத் தண்ணீர் எடுக்க. வந்தால் நான் ஊரில் இருக்கக்கூடாது என்றிருந்தேன். ஆனால் அந்த ஆள் வந்தும் போய்விட்டார், போன வெள்ளிக்கிழமையே. நான் ஜன்னலில் பார்த்தேன். குடை பிடித்துக்கொண்டு, மெலிந்த மனிதர், நல்ல தோரணை. எழில் அவரை அழைத்துக்கொண்டு ஏரி முழுவதும் சுற்றினாள். கரைக் கிணற்றைக் காட்டினாள். வாளியில் மொண்டு மோந்து பார்க்கச் சொன்னாள். தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள் ஐயா, கல்யாணமாகாத பெண், யாரோ ஒருவரிடம்! அவர் குனிந்து பார்க்கிறார். இவள் பேசிக்கொண்டே போகிறாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அவர் போன பிறகு, "ஏரியில் உனக்கென்ன வேலை?" என்றேன். "ஏரியைப் பாக்கணும்னாரு. காட்டினேன்" என்றாள். அவரும் இங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நீதிமன்றத்து ஆட்கள் குடிக்கமாட்டார்கள்தான். அவர் என்ன எழுதப்போகிறாரோ. அதற்குள் இந்தச் சம்பந்தம் முடிந்துவிட்டால் போதும். அதன் பிறகு தண்ணீர் நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் என் பெண் இந்த ஊரில் இருக்கமாட்டாள். அதனால்தான் உங்களைக் கண்டதும் முனியப்பனே வந்ததுபோல இருந்தது எனக்கு.

பையைத் திறக்கிறீர்கள். மாப்பிள்ளையின் படமா? கொடுங்கள், கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன், ஒரு கண்ணில்...

இது குப்பி.

எல்லாம் குப்பி.

நீங்கள்... இருங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர். நீங்களா? மனுவில் முதல் பெயர் எழிலரசி, ஆகையால் எழிலரசி வீடு எது என்று கேட்டு வந்தீர்கள். அவ்வளவுதான். இவ்வளவு நேரம் நான் பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஆம். ஆம், நான்தான் வாயைத் திறக்க வேண்டாமென்றேன். இரண்டு தரம் திறந்தீர்கள், நான்தான் விடவில்லை.

முனியப்பன் கிணற்றுக் கதையை மறந்துவிடுங்கள் ஐயா. வயதானவன், வாய் உளறிற்று. மறக்க முடியாதா? நீதிமன்றத்தில் வந்து நானே சொல்ல வேண்டுமா? நானா? ஊரைச் சத்தியம் செய்யவைத்தவன் ஊர் முன்னால் போய்... கம்பெனியின் கையில் இருக்கும் ஒரே சான்று என் குப்பிதான் என்கிறீர்கள். நான் வந்து சொன்னால் அது செல்லாது, சொல்லாவிட்டால் அடுத்த விசாரணையோடு மேல்பாதி போய்விடும் என்கிறீர்கள். எனக்கு அது தெரியாதா? இந்த வாசலில் நடந்து நடந்து அதைத்தானே அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை குடையோடு வந்தவர் யார்?

எழில்! வெளியே வா. வெள்ளிக்கிழமை வந்தவர் யார்?

கேட்டீர்களா ஐயா, இவள் சொல்வதை? "மாப்பிள்ளையோட சித்தப்பா" என்கிறாள்! ஏனம்மா, தெரிந்தேவா ஏரிக்கு அழைத்துப் போனாய்? "தெரிஞ்சுதான். நான் பேரு கேட்டேன், அவரு சொன்னாரு. அதுக்கப்புறந்தான் கூட்டிட்டுப் போனேன்." என்னிடம் ஏன் சொல்லவில்லை? "நீங்க எங்கப்பா கேட்டீங்க? யாருன்னு கேக்கறது முறையில்லைன்னு ஜன்னலைச் சாத்திக்கிட்டீங்க." அவர் என்ன சொன்னார்? கையைப் பார்த்தாராம். குடையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். தரகர் மாரப்பன் இரண்டு நாளாக என் போனை எடுக்காதது அதனால்தான்.

ஏன் இப்படிச் செய்தாய் அம்மா? நான் யாருக்காக இந்தப் பொய்யைச் சுமக்கிறேன்?

"வந்தவரு யாரா இருந்தா என்னப்பா? ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதானே நம்மகிட்ட இருக்கு."

சரி. காபியை அங்கே வை. கேன் தண்ணீரில்தானே போட்டாய்? "கேன் நேத்தே காலி. கரைக் கிணத்துத் தண்ணிதான்" என்கிறாள். தெரிகிறது. பார்த்தாலே தெரிகிறது. திரிதிரியாக மேலே நிற்கிறது. இரண்டு டம்ளர் கொண்டுவந்திருக்கிறாள், ஒன்று எனக்கு. அவள் அம்மாவும் தினம் காலையில் இந்த டம்ளரில்தான்...

நீங்கள் எடுக்கிறீர்களா ஐயா? இவ்வளவு நேரம் செம்பின் பக்கமே திரும்பாதவர், அவள் கொண்டுவந்துவிட்டாளே என்று முகத்துக்காக எடுக்கிறீர்கள். நல்ல மனிதர். இந்த வாசலுக்கு வந்த எவரையும் நான் குடியுங்கள் என்று சொல்லாமல் விட்டதில்லை. குடிக்காதவர்களிடம் மன்றாடியிருக்கிறேன்.

கீழே வையுங்கள்.

வைத்துவிடுங்கள் ஐயா. குடிக்காதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆம், இதைத்தான் அங்கேயும் வந்து சொல்வேன், மைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். எழில், நீ ஏன் நிற்கிறாய், போய்க் கரைக் கிணற்று வாளியை எடு. சடையப்பனையும் கூப்பிடு, அவனும் பார்க்கட்டும்.

குப்பியை என்னிடம் நீட்டாதீர்கள். என் கையில் கொடுக்காதீர்கள் ஐயா, நீங்களே வாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்கிறேன், நீங்களும் பேண்ட்டைச் சுருட்டிக்கொள்ளுங்கள். வழியெல்லாம் சேறு. கால் நனையும்.